சுருளை எரித்தவர்கள் கேட்ட சாசனம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: "ராஜா ராணி கதை வேண்டாம் சார்!" நல்ல நிபந்தனைதான். வரலாறு படித்த நம்மில் பலருக்கும் இடைக்கால இங்கிலாந்து என்றதும் என்ன நினைவுக்கு வரும்? 1066-இல் நார்மன் வெற்றி, 1215-இல் மகாசாசனம், அப்புறம் ஹென்றிகளும் எட்வர்டுகளும் வரிசை கட்டி நிற்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த வரிசைக்குக் கீழே ஏர் பிடித்தவனும் கதிர் அறுத்தவளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பாராவோடு முடிந்துவிடும். அந்த ஒரு பாராவைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

எடுத்துக்கொள்வது 1381-ஆம் ஆண்டு ஜூன் மாதம். 'விவசாயிகள் கிளர்ச்சி' என்று புத்தகங்கள் பெயர் வைத்திருக்கும் சில வாரங்கள். இந்தக் கிளர்ச்சியில் ஒரு விஷயம் என்னை நெடுநாளாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கிளர்ச்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடித் தேடி எரித்தவற்றில் முக்கியமானவை தோல் சுருள்கள். அதாவது பண்ணைக் கணக்கும் தீர்ப்பும் குத்தகையும் எழுதி வைத்த ஆவணங்கள். அதே மக்கள், அதே வாரத்தில், அரசனிடம் போய்க் கேட்டதும் ஓர் ஆவணம்தான்: முத்திரை வைத்த சாசனம். எழுத்தின் மேல் அவர்களுக்கு இருந்தது கோபமா, நம்பிக்கையா? இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும்?

இதற்கு விடை தேடப் போனால் அக்காலத்துச் சமூகம், திருச்சபை, அரசு மூன்றையும் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

எழுதப்பட்ட மனிதன்

கி.பி. 1300 வாக்கில் இங்கிலாந்தின் கிராமத்து மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 'வில்லின்' எனப்பட்ட பண்ணையடிமைகள். வீடு உண்டு, உழுது பிழைக்கக் கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் அந்த நிலத்தோடு கட்டுண்டவர்கள். பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. வாரத்தில் இத்தனை நாள் பண்ணை நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை. அறுப்புக் காலத்தில் தன் வயலில் கதிர் உதிர்ந்தாலும் முதலில் பிரபுவின் வயல். மகளுக்குக் கல்யாணமா, பண்ணைக்குக் காசு கட்டு. வீட்டுத் தலைவன் செத்தானா, இருக்கிற மாடுகளில் நல்லதாக ஒன்றைப் பண்ணைக்கு ஓட்டிவிடு. அதற்கடுத்த மாட்டைப் பல ஊர்களில் பங்குச் சாமியார் கேட்பார். இது போக விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகம், அதுவும் திருச்சபைக்கு.

திருச்சபை என்றால் வெறும் கோயிலும் பூசையும் மட்டும் அல்ல. நாட்டின் நிலத்தில் சுமார் கால் பங்கு ஆயர்களிடமும் மடாலயங்களிடமும் இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கிற சபையே பண்ணையாராகவும் இருந்தது. அதைவிட முக்கியம், எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் திருச்சபையின் ஆட்கள். அரசனின் செயலகத்தை நடத்தியவர்களும் அவர்களே. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 'கிளார்க்' என்ற சொல்லே குருத்துவ நிலையில் உள்ளவரைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மொழி நிலைமையைப் பாருங்கள். பூசையும் ஆவணமும் லத்தீன். பிரபுக்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் பிரெஞ்சு. உழுகிறவனுக்கு ஆங்கிலம். 1362-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்காடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆகவே நீதிமன்றத்தில் இனி ஆங்கிலத்தில் வாதாடலாம் என்றது. நல்லதுதான். ஆனால் வழக்கின் பதிவு மட்டும் லத்தீனிலேயே இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது!

இப்போது பண்ணை நீதிமன்றத்துக்கு வருவோம். பிரபுவின் அதிகாரி தலைமை தாங்குவார். ஊர்க்காரர்களே ஜூரிகளாக நிற்பார்கள். குமாஸ்தா ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதுவார். எழுதியதைத் தைத்துச் சுருட்டி வைப்பார்கள். இன்னார் வேலைக்கு வரவில்லை, இன்ன அபராதம். இன்னார் மகளைக் கேட்காமல் கட்டிக் கொடுத்தார், இன்ன அபராதம். இன்னார் வில்லின், அவர் தகப்பனும் வில்லின். இப்படி ஒரு வரி சுருளில் ஏறிவிட்டால் பேரன் காலத்திலும் அதுவே சாட்சி. அரசனின் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரபு மேல் வழக்குப் போடலாமா என்றால், வில்லினுக்கு அந்த வாசல் அடைப்பு. 1215-இன் மகாசாசனம் 'சுதந்திர மனிதன்' எவனையும் சட்டப்படி அன்றிச் சிறையிடக் கூடாது என்றதே, அந்தச் சொல்லுக்குள் இவன் வரவில்லை.

ஆக, எழுதத் தெரியாதவன் எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் அல்ல. நம்மைவிட அவனுக்குத்தான் அதன் கனம் நன்றாகத் தெரியும். அவன் தலையெழுத்து நிஜமாகவே ஒரு தோலில் எழுதி, ஒரு பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

கொள்ளைநோய் போட்ட கணக்கு

1348-ஆம் ஆண்டு கோடையில் டார்செட் கரையோரத் துறைமுகமான மெல்கம்பில் கொள்ளைநோய் வந்து இறங்கியது. ஒன்றரை ஆண்டுக்குள் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாண்டுபோனார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. குடும்பம் குடும்பமாக அழிந்தது. செத்தவர்களுக்கு மந்திரிக்கப் போன சாமியார்களும் செத்தார்கள்.

பிழைத்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். நிலம் அப்படியே கிடக்கிறது, ஆள்தான் இல்லை. நேற்று வரை "வேலை இருக்கா எஜமான்?" என்று நின்றவன் இன்று "கூலி எவ்வளவு?" என்று கேட்டான். பக்கத்துப் பண்ணையில் கூடுதலாகக் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் போனான்.

அரசு சும்மா இருக்குமா? 1349-இல் ஓர் ஆணை, 1351-இல் தொழிலாளர் சட்டம். கூலி எல்லாம் நோய்க்கு முன்பு, 1346 வாக்கில் இருந்த அளவிலேயே நிற்க வேண்டும். வைக்கோல் உலர்த்துகிறவருக்கு நாளுக்கு 1 பென்னி. தலைமைத் தச்சருக்கு 3 பென்னி. 60 வயதுக்குட்பட்ட உடல் வலுவுள்ளவர், வேறு பிழைப்பில்லாதவர், கூப்பிட்ட வேலைக்குப் போயாக வேண்டும். மீறினால் காலைத் தொழுவில் மாட்டு. அதற்காக ஊருக்கு ஊர் தொழுமரம் செய்து வைக்கவும் சட்டத்திலேயே உத்தரவு. இதைச் செயல்படுத்திய நீதிபதிகள் யார்? கூலி கொடுக்க வேண்டிய நிலக்கிழார்கள்தான்! நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களும் அவர்களே. நாடாளுமன்றத்தின் வளர்ச்சி என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோமே, அதன் அடியில் கிடக்கும் கசப்பு இது.

1086-ஐத் தேடிப் போன கிராமங்கள்

1377-இல் நடந்த ஒரு சம்பவம் பலருக்குத் தெரியாது. முதலாம் வில்லியம் தான் வென்ற நாட்டை அளந்து, எந்த ஊர் யாருடையது, எத்தனை ஏர், எத்தனை ஆள், எத்தனை பன்றி என்று 1086-இல் எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு. அதன் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பில்லை என்பதால் மக்கள் அதை 'டூம்ஸ்டே', அதாவது இறுதித் தீர்ப்பு நாள் ஏடு என்றார்கள்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்துத் தெற்கு இங்கிலாந்தில் சுமார் 40 கிராமங்கள் அந்த ஏட்டின் நகலைக் காசு கொடுத்து வாங்கின. ஏன்? தங்கள் ஊர் ஆதியில் அரசனுக்கே சொந்தமாக இருந்தது என்று அதில் இருந்தால், அப்படிப்பட்ட ஊர்க் குடிகளுக்குச் சட்டத்தில் சில தனி உரிமைகள் உண்டு. "இதோ பாருங்க, அரசன் ஏட்டிலேயே இருக்கு. இனிமே வெட்டி வேலை கிடையாது" என்று நின்றுவிட்டார்கள். வக்கீல் வைத்து, வசூல் செய்து, ஒற்றுமையாக. நிலக்கிழார்கள் நாடாளுமன்றத்தில் அலறினார்கள். அந்த நகல்களால் வெட்டி வேலை போகாது என்று பதில் வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு ஆண்டு கழித்துத் தீ வைத்தவர்கள் முதலில் தீயோடு வரவில்லை. ஏட்டைப் படிக்கச் சொல்லித்தான் வந்தார்கள். ஏடு அவர்களுக்கு உதவ மறுத்தது.

ஜூன் 1381

பிரான்சோடு நடந்த நீண்ட போருக்குப் பணம் தேவைப்பட்டது. 1377, 1379, 1380 என்று நான்கே ஆண்டுக்குள் மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. முதல் தடவை தலைக்கு 4 பென்னி. மூன்றாவது தடவை, 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 பென்னி. வைக்கோல் உலர்த்தும் சட்டக் கூலியில் கணக்குப் போட்டால் பன்னிரண்டு நாள் உழைப்பு. 1377-இல் வரி கட்டியவர் எண்ணிக்கை சுமார் 13.5 லட்சம், மூன்றாம் வரிக்கு அது சுமார் 9 லட்சமாகச் சுருங்கியது. நாலரை லட்சம் பேர் செத்துப்போகவில்லை. கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். விதவைத் தாயையும் கல்யாணமாகாத தங்கையையும் ஊர்க்காரர்கள் பட்டியலில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அரசு மறுபடி ஆள் எண்ண அதிகாரிகளை அனுப்பியது. மே 30 அன்று எசெக்ஸில் உள்ள பிரென்ட்வுட்டில், "கட்டினதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்று ஃபாபிங் முதலான ஊர்க்காரர்கள் அதிகாரியை விரட்டினார்கள். அங்கே பற்றியது.

கெண்ட்டிலிருந்து வாட் டைலர் தலைமையில் ஒரு கூட்டம், எசெக்ஸிலிருந்து ஒரு கூட்டம். வழியில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார் ஜான் பால் என்ற சாமியார். ஆயர்களின் அனுமதி இல்லாமல் சந்தையிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரசங்கம் செய்ததற்காகத் திரும்பத் திரும்ப உள்ளே போனவர். படைப்பில் ஆண்டான் அடிமை உண்டா என்று ஆதியாகமத்தை வைத்தே கேட்டவர். அவர் பெயரிலும் கூட்டாளிகள் பெயரிலும் ஊருக்கு ஊர் போன சின்னச் சின்ன ஆங்கிலக் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. லத்தீனில் அல்ல, ஆங்கிலத்தில். அதைக் கவனியுங்கள்.

கான்டர்பரியில் ஷெரீப்பின் ஆவணங்கள் எரிந்தன. லாம்பெத்தில் பேராயரின் அரண்மனையில் செயலகச் சுருள்கள் எரிந்தன. லண்டனில் வழக்கறிஞர்கள் குடியிருந்த டெம்பிளில் புத்தகங்கள் வீதிக்கு வந்து எரிந்தன. எசெக்ஸில் பல பண்ணைகளின் நீதிமன்றச் சுருள்கள் 1381-க்குப் பிறகுதான் தொடங்குகின்றன, முந்தியவை சாம்பலாகிவிட்டன. தலைமை தாங்கியவர்களில் பலர் வக்கற்றவர்கள் அல்லர். பண்ணை மணியக்காரராகவும் ஜூரியாகவும் ஊர்க்காவலராகவும் இருந்தவர்கள். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த நாட்களில் இடுப்பில் மைக்கூட்டோடு அகப்பட்டவன் உயிர் தப்புவது கஷ்டம் என்று தாமஸ் வால்சிங்காம் என்ற துறவி எழுதியிருக்கிறார்.

நடந்த கொடுமைகளை மறைப்பது நியாயமாகாது. ஜூன் 14 அன்று லண்டன் கோட்டைக்குள் புகுந்து, பேராயரும் அரசின் தலைமைச் செயலருமான சைமன் சட்பரியையும், பொருளாளர் ராபர்ட் ஹேல்ஸையும் இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். பிழைக்க வந்த பிளெமிஷ் நெசவாளர்கள் அடைக்கலம் தேடிக் கோயிலுக்குள் போனபோதும் விடவில்லை. வெளியே இழுத்துக் கொன்றார்கள். வரிக்கும் அந்த நெசவாளிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கோபம் நியாயமானது என்பதால் அது விழுகிற இடமெல்லாம் நியாயம் ஆகிவிடாது.

திரிகைக் கல்லும் தங்க எழுத்தும்

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ். வால்சிங்காம் இருந்த மடாலயம் அங்கேதான். ஊரும் நிலமும் ஆலையும் மடத்துக்குச் சொந்தம். ஊரார் தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைவைக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். சனங்கள் வீட்டிலேயே கைத்திரிகையில் அரைத்துக்கொண்டார்கள். 1330-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு வாலிங்ஃபோர்டு என்ற மடத்தலைவர் அந்தத் திரிகைகளைப் பறிமுதல் செய்து, கற்களை மடத்துக் கூடத்தின் தரையில் பதித்துவிட்டார். இந்த ரிச்சர்டு சாதாரண ஆள் இல்லை. கொல்லன் மகன், ஆக்ஸ்போர்டில் படித்தவர், கோள்களின் கதியைக் காட்டும் அற்புதமான கடிகாரம் ஒன்றை வடிவமைத்த கணித மேதை. அந்த அறிவும் இந்தக் கல் பறிப்பும் ஒரே மனிதரிடம் இருந்தன.

ஐம்பது ஆண்டு கழித்து, 1381 ஜூனில், ஊரார் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, ஞாயிறு பூசை முடிந்து மந்திரித்த அப்பத்தைப் பங்கிடுவதுபோல ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள். தாத்தாவின் திரிகை பேரன் கைக்குத் துண்டாக வந்து சேர்ந்தது.

அப்புறம் அவர்கள் கேட்டதுதான் முக்கியம். மடத்தின் பத்திரங்களை வாங்கிச் சந்தையில் எரித்தவர்கள், இன்னொரு சாசனத்தைக் கேட்டார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன் அந்த மடத்தைக் கட்டுவித்த ஓஃபா அரசன் ஊராருக்குச் சுதந்திரம் கொடுத்து எழுதியது, அதில் ஓர் எழுத்து தங்கம், ஓர் எழுத்து நீலம், அதை மடத்துக்காரர்கள் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அப்படி ஒன்று மடத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் புதிதாக ஒரு சாசனத்தை மடத்தலைவரிடம் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கிரிண்ட்காப் பின்னர் தூக்கிலிடப்பட்டார்.

அந்தத் தங்க எழுத்துச் சாசனம் எங்கிருந்து வந்திருக்கும்? "நம்மளுக்கும் ஒரு ஏடு இருந்திருக்கும், யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்க" என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். உரிமையை இழந்தவர்கள் அதைப் புதிதாகக் கேட்பதாக நினைப்பதில்லை. திரும்பக் கேட்பதாகவே நினைக்கிறார்கள்.

கல்விக்கு விழுந்த அடி

கல்லூரி மலரில் கேம்பிரிட்ஜைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன் 15 அன்று நகரத்தார் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியைத் தாக்கினார்கள். 1352-இல் நகரத்துச் சங்கங்களே கூடி நிறுவிய கல்லூரி அது! ஆனால் முப்பது ஆண்டுக்குள் ஊரில் பல வீடுகளுக்கு வாடகை வாங்குகிற இடமாகிவிட்டது. மறுநாள் பல்கலைக்கழகத்தின் பெட்டியை உடைத்து, அதன் சாசனங்களைச் சந்தையில் கொளுத்தினார்கள். மார்ஜரி ஸ்டார் என்ற கிழவி சாம்பலை அள்ளிக் காற்றில் வீசி, குருமாரின் படிப்பு ஒழியட்டும் என்று கத்தினாளாம்.

படித்தவர்கள் எழுதிய வரலாற்றில் அவள் ஒரு பைத்தியக்காரி. நான் அவளை அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் படிப்பு அவள் வாசலுக்கு வந்ததெல்லாம் வாடகைச் சீட்டாகவும் அபராதச் சீட்டாகவும்தான். வேறு உருவத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. அவள் எரித்தது அறிவை என்று நாம் சொல்லலாம். அவளைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பாள். முடிவு என்ன ஆயிற்று? அடுத்த ஆண்டே நகரத்தின் ரொட்டி, மது விலையையும் தரத்தையும் மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகம் ஜெயித்தது; கிழவியின் ரொட்டியும் அதன் கைக்குப் போனது.

பதினெட்டு நாள் வாழ்ந்த விடுதலை

அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது 14 வயது. ஜூன் 14 அன்று மைல் எண்ட் என்ற இடத்தில் கிளர்ச்சிக்காரர்களைச் சந்தித்தான். பண்ணையடிமை முறை ஒழியும், நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி வாடகை மட்டுமே என்று ஒப்புக்கொண்டான். முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தர்கள் உட்கார்ந்து சாசனம் எழுதினார்கள் என்று புரூவாசார் தம் வரலாற்றில் சொல்கிறார். அந்தத் தோலை மடியில் கட்டிக்கொண்டு பலர் நிம்மதியாக ஊர் திரும்பினார்கள். கையில் அரச முத்திரை இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் பேச்சுவார்த்தையின்போது வாட் டைலர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூலை 2 அன்று செம்ஸ்ஃபோர்டில் சாசனங்கள் எல்லாம் செல்லாது என்று அரசன் அறிவித்தான். ஜூலை 15 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் ஜான் பால் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் சாசனங்கள் ரத்தானதை ஒருமனதாக ஆமோதித்தது. எழுதியவனே அழித்தான். அழிக்கிற அதிகாரம் அவனிடம் இருந்தது. சுருளை எரித்தால் மட்டும் போதாது, எழுதுகோல் யார் கையில் என்பதுதான் விஷயம் என்பதை அந்தப் பதினெட்டு நாள் காட்டிவிட்டது.

வேதத்தின் பூட்டு

எழுதுகோலைக் கைமாற்ற முயன்ற இன்னொருவர் அதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் இருந்தார்: ஜான் விக்லிஃப். திருச்சபைக்குச் சொத்து எதற்கு, வேதத்தை எல்லோரும் தங்கள் மொழியில் படித்தால் என்ன என்று கேட்டவர். கிளர்ச்சிக்கு அவரே வித்து என்று எதிரிகள் பழி சுமத்தினார்கள். ஆனால் அவரைப் பாதுகாத்தவர் ஜான் ஆஃப் கான்ட். கிளர்ச்சிக்காரர்கள் கொளுத்திய சவாய் அரண்மனையின் சொந்தக்காரர்! ஆகவே விக்லிஃப்தான் கிளப்பிவிட்டார் என்பது பொருந்தவில்லை. ஆனால் இருவரும் ஒரே பூட்டைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து தட்டினார்கள்.

விக்லிஃப் 1384-இல் இறந்தார். அவர் சீடர்கள் விவிலியம் முழுவதையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள்கூட வேதத்தைப் படிக்கிறார்களே என்று லெஸ்டரில் இருந்த ஹென்றி நைட்டன் என்ற துறவி நொந்து எழுதினார். 1401-இல், சபைக்கு மாறான கொள்கையை விடாதவரை உயிரோடு எரிக்கச் சட்டம் வந்தது. 1409-இல் பேராயர் அருண்டல், ஆயரின் அனுமதி இல்லாமல் வேதத்தை மொழிபெயர்க்கவோ அப்படிப்பட்ட நூலைப் படிக்கவோ கூடாது என்று விதித்தார். 1428-இல் விக்லிஃபின் எலும்புகளைத் தோண்டி எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள்.

ஆனாலும் கையால் எழுதிய அந்த ஆங்கில விவிலியப் பிரதிகள் முழுதாகவும் பகுதியாகவும் சுமார் 250 இன்றும் இருக்கின்றன. தடை போட்ட புத்தகத்தைத்தான் சனங்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அரசே ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஆங்கில விவிலியம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

நகல் வாங்கியவன்

அப்படியானால் 1381 தோல்விதானா? இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை நீங்கவில்லை. பண்ணையாருக்கு வேறு வழியில்லை. நாளடைவில் வெட்டி வேலையை விட்டுக் கொடுத்துப் பணமாக வாடகை வாங்கினார்கள். குடியானவர் நிலத்தைப் பெற்றுக்கொள்ளும்போது பண்ணை நீதிமன்றச் சுருளில் அது எழுதப்படும். எழுதிய பகுதியின் நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்தார்கள். இதுதான் 'காப்பிஹோல்டு', நகல் உரிமை. 15-ஆம் நூற்றாண்டில் அந்த நகலை வைத்துக்கொண்டு பண்ணையார் மேலேயே அரசனின் நீதிமன்றங்களில் முறையிட முடிந்தது. எந்தச் சுருள் பாட்டனை அடிமை என்றதோ, அதே சுருளின் ஒரு துண்டு பேரனைக் காப்பாற்றியது. அந்த முறை இங்கிலாந்தில் 1926 ஜனவரி 1 வரை நீடித்தது. அடிமை முறையை ஒழித்து இங்கிலாந்தில் தனியாக ஒரு சட்டம் வரவே இல்லை. அது சன்னம் சன்னமாகத் தேய்ந்து போயிற்று.

சுருள் மாறவில்லை. லத்தீன் மாறவில்லை. ஒரு நகல் எளியவன் கைக்கும் போனது, அவ்வளவுதான். அவ்வளவும் வித்தியாசம்.

இந்த மலரைப் படிப்பவர்களில் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், வங்கி அலுவலர்கள், அரசு ஊழியர்கள் நிறையப் பேர். நாம் எல்லோருமே ஒருவகையில் மைக்கூடு கட்டியவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கைநாட்டு வைக்கத் தயங்கி நிற்கிறவரை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். எழுத்து என்ன செய்யும் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் தயங்குகிறார். இப்போது வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: நாளைக்கு நீங்களும் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். எழுதியதை அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்டுங்கள். கேட்கும் முன்பே ஒரு நகலையும் அவர் கையில் கொடுங்கள்.